நல்லவங்க எந்தப் பக்கம்? – பொம்மைப் போர் கற்றுத்தந்த ஸ்பெயின் வரலாறு



கோடை விடுமுறையில் நம் கிளப் ஹவுஸில் நடந்த பொழுதுபோக்குக் கண்காட்சியில் நான் போட்டிருந்த மேசையைச் சிலர் பார்த்திருப்பீர்கள். தபால்தலை ஆல்பங்களுக்கும் போன்சாய் தொட்டிகளுக்கும் நடுவே, கட்டைவிரலில் பாதி உயரம்கூட இல்லாத அறுபது வீரர்கள் அணிவகுத்து நின்றார்கள். சிலர் குதிரையில், சிலர் காலாட்களாக. இடைக்கால ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும், அதாவது ஐபீரியத் தீபகற்பத்தில், நடந்த போர்களை வைத்து நானே விதிகள் எழுதி, நானே வண்ணம் தீட்டிய விளையாட்டு அது.

ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டான்: "அங்கிள், இதுல நல்லவங்க யாரு, கெட்டவங்க யாரு?" பக்கத்தில் நின்ற அவன் அப்பா சிரித்துக்கொண்டே, "கிறிஸ்தவங்க ஒரு பக்கம், முஸ்லிம்கள் ஒரு பக்கம். அப்படித்தானே சார்?" என்றார். பின்னால் கூட்டம் நின்றதால், "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

அந்தப் பதில் தவறு. நானும் அதே தவறோடுதான் இந்த வேலையை ஆரம்பித்தேன். இதழில் எனக்குக் கொடுத்திருக்கும் பக்கங்களில் அந்தப் பையனுக்குச் சரியான பதிலைச் சொல்லப் பார்க்கிறேன்.

மூளையா, அதிர்ஷ்டமா?

முதலில் இது என்ன விளையாட்டு என்று இரண்டு வரி. மேசைமேல் குன்று, ஆறு, கோட்டை எல்லாம் அமைத்து, பொம்மைப் படைகளை அளவுகோலால் அளந்து நகர்த்துவோம். மோதலின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். 1824-ல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க இப்படி ஒரு விளையாட்டை ஏற்றுக்கொண்டது. 1913-ல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் வீட்டுத் தரையில் ஈயப் பொம்மைகளை வைத்து விளையாட விதிகள் எழுதினார். இன்று உலகம் முழுக்க இது பெரியவர்களின் பொழுதுபோக்கு.

ஐபீரியாவுக்கு இந்த விஷயத்தில் இன்னும் பழைய உறவு ஒன்று உண்டு. காஸ்டில் நாட்டு மன்னர் 10-ஆம் அல்ஃபோன்சோ 1283-ல் ஒரு விளையாட்டுப் புத்தகத்தைத் தயாரித்து முடித்தார். சதுரங்கம், பகடை, பலகை விளையாட்டு ஆகியவற்றை விளக்கும் ஓவியப் புத்தகம். இப்போதும் மாட்ரிட் அருகே எஸ்கோரியல் மாளிகை நூலகத்தில் இருக்கிறது. அதன் ஆரம்பத்திலேயே ஒரு கதை வருகிறது. இந்திய மன்னர் ஒருவரிடம் மூன்று அறிஞர்கள் இருந்தார்களாம். மூளைதான் பெரிது என்ற ஒருவர் சதுரங்கத்தைக் கொண்டுவந்தார். அதிர்ஷ்டம்தான் பெரிது என்ற இன்னொருவர் பகடையைக் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் வாழ்க்கை என்ற மூன்றாமவர், பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை விளையாட்டைக் கொண்டுவந்தார். போர் விளையாட்டு எழுதுகிற யாருக்கும் இதுதான் முதல் பாடம்.

அந்தப் புத்தகத்தில் ஓர் ஓவியம். ஒரு கூடாரத்துக்குள் ஒரு கிறிஸ்தவரும் ஒரு முஸ்லிமும் எதிரெதிரே அமர்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். ஸ்பானிஷில் சதுரங்கத்துக்கு 'அஹெத்ரெஸ்' என்று பெயர். அரபு 'ஷத்ரஞ்ச்', அதற்கு முன் பாரசீகம், அதற்கும் முன் நம் 'சதுரங்கம்' என்று வழிவழியாகப் போன சொல் அது. ஆட்டமும் அதே வழியில்தான் ஸ்பெயினுக்குப் போனது.

இரண்டு டப்பா பெயின்ட்

நான் ஆரம்பித்தது எளிமையாகத்தான். ஒரு பக்கத்துக்கு நீலம், ஒரு பக்கத்துக்குப் பச்சை. கிறிஸ்தவர் நீலம், முஸ்லிம் பச்சை. முப்பது முப்பதாகப் பிரித்து அடித்தும் முடித்துவிட்டேன். அதன்பிறகுதான் எந்தப் போரை மேசையில் நடத்துவது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். செய்திருக்க வேண்டிய வரிசை தலைகீழ்.

பின்னணி இதுதான். 711-ல் தாரிக் இப்னு ஸியாத் தலைமையில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த படை, அங்கே ஆண்டுகொண்டிருந்த விசிகோத் மன்னரைத் தோற்கடித்தது. ஜிப்ரால்டர் என்ற பெயரே 'தாரிக்கின் மலை' என்ற அரபுச் சொல்லின் திரிபு. தீபகற்பத்தின் பெரும்பகுதி முஸ்லிம் ஆட்சிக்குள் வந்தது. 929-ல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் கோர்தோபா நகரில் தன்னைக் கலீஃபா என்று அறிவித்தார். 1031-ல் அந்தக் கலீஃபா ஆட்சி உடைந்து செவில், தொலேதோ, சரகோசா, கிரனாடா, பதாஹோஸ் என்று பல சிற்றரசுகள் ஆகிவிட்டது. இவற்றைத் 'தாயிஃபா' அரசுகள் என்பார்கள். வடக்கே லெயோன், காஸ்டில், அரகோன், நவார், பார்சலோனா என்று கிறிஸ்தவ அரசுகள்.

தெற்கே பணம் இருந்தது, படை குறைவு. வடக்கே படை இருந்தது, பணம் குறைவு. அதனால் ஓர் ஏற்பாடு வந்தது. தாயிஃபா மன்னர்கள் ஆண்டுதோறும் தங்கம் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளும் கிறிஸ்தவ மன்னர் அவர்களைத் தாக்கமாட்டார். மற்றவர்கள் தாக்கினால் காப்பாற்றவும் வருவார். இந்தக் கப்பத்துக்குப் 'பாரியாஸ்' என்று பெயர். இந்தத் தங்கத்தில் ஒரு பங்கைக் காஸ்டில் மன்னர்கள் பிரான்சின் புகழ்பெற்ற குளூனி மடாலயத்துக்கு ஆண்டுக் காணிக்கையாக அனுப்பினார்கள். முஸ்லிம் மன்னர்கள் கொடுத்த தங்கம், கிறிஸ்தவ மடத்தைச் செழிக்க வைத்தது.

இந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும்? 1063-ல் அரகோனின் கிறிஸ்தவ மன்னர் முதலாம் ராமிரோ, சரகோசாவின் முஸ்லிம் மன்னருக்குச் சொந்தமான கிராவுஸ் என்ற ஊரை முற்றுகையிட்டார். சரகோசா கப்பம் கட்டுவது காஸ்டிலுக்கு. அதனால் காஸ்டில் இளவரசர் சான்சோ படையோடு சரகோசாவுக்கு உதவ வந்தார். ராமிரோ அந்தச் சண்டையில் இறந்தார். சான்சோவுக்கு அவர் பெரியப்பா முறை. பிற்காலத்தில் அல்-துர்தூஷி என்ற அரபு அறிஞர் இதைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். கிறிஸ்தவர்களைப் போலவே உடுத்தி, அவர்கள் மொழியையும் சரளமாகப் பேசிய ஒரு முஸ்லிம் வீரர் எதிர் முகாமுக்குள் சாதாரணமாக நடந்துபோய் மன்னரைக் குத்திவிட்டாராம்.

இதைப் படித்தபோது என் மேசையில் இருந்த நீலத்தையும் பச்சையையும் பார்த்தேன். கிராவுஸ் போரை நடத்த வேண்டுமென்றால், நீலத்தில் பாதியை எடுத்துப் பச்சையோடு நிறுத்த வேண்டும். இது ஏதோ விதிவிலக்கு என்று நினைத்து மேலே படித்தேன்.

சித் யார் பக்கம்?

ஸ்பெயினின் தேசிய வீரர் என்று கொண்டாடப்படுபவர் ரோத்ரிகோ தியாஸ். 'எல் சித்' என்றால் தெரியும். 1961-ல் வந்த ஹாலிவுட் படத்தில் அவரைக் கிறிஸ்தவத்தின் காவலராகப் பார்த்திருப்போம். 'சித்' என்பதே 'என் தலைவர்' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

1081-ல் காஸ்டில் மன்னர் 6-ஆம் அல்ஃபோன்சோ அவரை நாடு கடத்தினார். அவர் வேலைக்குச் சேர்ந்தது சரகோசாவின் முஸ்லிம் மன்னரிடம். அந்த மன்னருக்கும் அவருடைய தம்பிக்கும் தகராறு. தம்பிக்குத் துணையாக வந்தவர் பார்சலோனாவின் கிறிஸ்தவப் பிரபு. 1082-ல் அல்மெனார் என்ற இடத்தில் சித் இரண்டு பேரையும் தோற்கடித்து, பார்சலோனா பிரபுவைச் சிறைபிடித்தார். பக்கத்துக்கு ஒரு முஸ்லிம், பக்கத்துக்கு ஒரு கிறிஸ்தவர். என் இரண்டு டப்பா பெயின்ட்டுக்கு இங்கே வேலையே இல்லை. 1094-ல் சித் வலென்சியா நகரைப் பிடித்தது மன்னருக்காகவும் இல்லை, தனக்காகத்தான். 1099-ல் இறக்கும்வரை அந்த நகரை அவரே ஆண்டார்.

அவரை நாடு கடத்திய மன்னர் கதையும் இப்படித்தான். 1072-ல் அண்ணன் சான்சோவிடம் தோற்று ஓடிய 6-ஆம் அல்ஃபோன்சோவுக்கு அடைக்கலம் கொடுத்தவர் தொலேதோவின் முஸ்லிம் மன்னர். பல மாதங்கள் அந்த நகரில் விருந்தாளியாக இருந்தார். 1085-ல் அதே தொலேதோவை, அடைக்கலம் கொடுத்தவரின் பேரனிடமிருந்து கைப்பற்றினார்.

தொலேதோ விழுந்ததும் மற்றத் தாயிஃபா மன்னர்கள் பயந்துபோனார்கள். செவில் மன்னர் அல்-முதமித், கடல் தாண்டி மொராக்கோவை ஆண்ட அல்மொராவித் மன்னர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீனின் உதவியைக் கேட்டார். 1086 அக்டோபர் 23 அன்று ஸல்லாகா என்ற இடத்தில் அல்ஃபோன்சோ படுதோல்வி அடைந்தார். முழங்கும் முரசுகள், குதிரைகளை மிரளவைத்த ஒட்டகங்கள், முகத்திரை அணிந்த சஹாரா வீரர்கள் என்று ஸ்பெயின் அதுவரை பார்க்காத படை அது. உதவிக்கு வந்தவர்கள் நிரந்தரமாகவே தங்கிவிட்டார்கள். 1090-ல் கிரனாடா, 1091-ல் செவில் என்று தாயிஃபா மன்னர்களைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அல்-முதமித் மொராக்கோவின் அக்மாத் ஊரில் கைதியாக இருந்து இறந்தார். கிரனாடாவின் கடைசி ஸீரித் மன்னர் அப்துல்லாவும் அங்கேதான் அனுப்பப்பட்டார். அங்கே உட்கார்ந்து தன் வரலாற்றைத் தானே எழுதினார். கப்பம் கேட்டு வந்தவர்களோடு எப்படிப் பேரம் பேசினோம் என்பதை ஆட்சி செய்தவர் ஒருவரே எழுதிவைத்திருப்பதால் அந்த நூல் மதிப்பு வாய்ந்தது.

விதிகளைத் திருத்தியபோது

அறுபது பொம்மைகளையும் கிருமிநாசினித் திரவத்தில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்துப் பெயின்ட்டைக் கழற்றினேன். இரண்டு வார வேலை. பால்கனியில் அந்த வாசனை போக இன்னும் ஒரு வாரம் ஆனது.

அதோடு விதிகளையும் மாற்றினேன். இப்போது என் விளையாட்டில் 'கிறிஸ்தவப் படை', 'முஸ்லிம் படை' என்று எதுவும் கிடையாது. படைத்தலைவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் இரண்டு எண்கள்: ஒன்று அவருடைய திறமை, மற்றது அவர் வாங்கும் சம்பளம். மஞ்சள் மணிகள்தான் தங்கம். ஆட்டம் தொடங்குமுன் அரசர்களாக ஆடுபவர்கள் ஏலம் எடுப்பதுபோல் தலைவர்களை அமர்த்திக்கொள்ள வேண்டும். ஒரு சுற்று சம்பளம் தவறினால் பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் அந்தத் தலைவர் தன் ஆட்களோடு எழுந்து எதிர்ப்பக்கம் போய்விடலாம். மூளையும் அதிர்ஷ்டமும் சேர்ந்த அந்த மூன்றாவது அறிஞரின் விளையாட்டு இது.

போர்முறையிலும் திருத்தம் தேவைப்பட்டது. வடக்கத்திய கனரகக் குதிரைப்படை நேராகப் பாய்ந்து மோதுவதில் வலிமையானது. எனவே முதல் மோதலில் அவர்களுக்குக் கூடுதல் பகடை. ஆனால் இரண்டாவது மோதலில் குதிரை களைத்துவிடும். தெற்கத்திய இலகுரகக் குதிரை வீரர்கள் நெருங்கி வந்து ஈட்டி எறிந்துவிட்டு, ஓடுவதுபோல் பாசாங்கு செய்து, துரத்துபவர் வரிசை கலைந்ததும் திரும்பிப் பாய்வார்கள். எனவே அவர்கள் ஒரே சுற்றில் முன்னும் பின்னும் நகரலாம். காலாட்படைக்கான விதி எனக்கு அந்த அல்-துர்தூஷியிடமே கிடைத்தது. நீண்ட ஈட்டிகளைத் தரையில் ஊன்றி, கேடயத்தோடு மண்டியிடும் வரிசை முன்னால், அதன் பின்னால் வில்லாளிகள், கடைசியில் குதிரைகள். எதிரி நெருங்கியதும் காலாட்கள் விலகி வழிவிட, குதிரைகள் வெளியே பாயும். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய போர்முறை மேசையில் நன்றாகவே வேலை செய்கிறது.

யாருக்கு என்ன உடை?

பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது: வண்ணம். எங்கள் வேலைமுறை இது. முதலில் கறுப்பு அல்லது சாம்பல் பூச்சு. இரும்புச் சங்கிலிக் கவசத்துக்குக் கறுப்பின் மேல் வெள்ளி நிறத்தை ஏறக்குறைய காய்ந்த பிரஷால் லேசாகத் தடவினால் ஒவ்வொரு வளையமும் தெரியும். வெள்ளைத் துணிதான் கடினம். நேராக வெள்ளை அடித்தால் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். வெளிர் பழுப்பில் ஆரம்பித்து, மடிப்புகளின் மேட்டில் மட்டும் வெள்ளை வைக்க வேண்டும். நிற்கும் தளத்தில் மணல் ஒட்டிக் காய்ந்த புல் வைத்தேன். அங்கே பெரிய போர்கள் சில ஜூலை வெயிலில் நடந்தவை. பச்சைப் புல்வெளி போட்டால் பொய்யாகிவிடும்.

சித்தின் கேடயத்தில் சிவப்புப் பின்னணியில் தங்கக் கோட்டை வரைந்து ரசித்துக்கொண்டிருந்தேன். காஸ்டில் நாட்டின் சின்னம் அது. அப்புறம் பார்த்தால், அந்தச் சின்னம் 8-ஆம் அல்ஃபோன்சோவின் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்கத்துக்கு வந்தது. சித் அதற்கு வெகுமுன்பே இறந்துவிட்டார். மறுபடியும் அழித்தேன்.

உடைகளுக்கு ஆதாரம் தேடினால் பழைய ஓவியங்கள்தான் கதி. 10-ஆம் அல்ஃபோன்சோ தயாரித்த 'காந்திகாஸ்' என்ற பாடல் நூலின் படங்களில் இரு தரப்புப் படைகளும் வருகின்றன. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில், அரசர்கள் மண்டபத்துக் கூரையில், 14-ஆம் நூற்றாண்டில் தோலில் வரைந்த ஓவியங்கள் உள்ளன. முஸ்லிம் மன்னரின் அரண்மனையில் ஐரோப்பிய பாணி ஓவியம். அதில் இரு சமயத்து வீரர்களும் வேட்டையாடுகிறார்கள், விருந்தோம்புகிறார்கள், ஓரிடத்தில் ஒருவரையொருவர் குத்தவும் செய்கிறார்கள்.

காலம் போகப்போக இரு தரப்பும் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றிக்கொண்டார்கள். குட்டையான அங்கவடியோடு முழங்காலை மடக்கிச் சவாரி செய்யும் வட ஆப்பிரிக்க முறையைக் காஸ்டில்காரர்கள் கற்றார்கள். அப்படிச் செய்பவருக்கு 'ஹினேத்தே' என்று பெயர். ஸெனாத்தா என்ற பெர்பர் இனப்பெயரிலிருந்து வந்த அந்தச் சொல்தான் இன்றைய ஸ்பானிஷில் குதிரை வீரர் என்பதற்கே பொதுச்சொல். தோல் கேடயத்துக்கு 'அதார்கா', காவல் கோபுரத்துக்கு 'அதலாயா', வழிகாட்டித் தலைவருக்கு 'அதாலித்', கொடி தாங்கும் அதிகாரிக்கு 'அல்ஃபெரெஸ்'. எல்லாமே அரபிலிருந்து வந்தவை. எதிர்த்திசையில், கிரனாடா மன்னர்களின் சின்னத்தில் இருக்கும் குறுக்குப் பட்டை, காஸ்டில் மன்னர் நிறுவிய பட்டை வீரர் சங்கத்திலிருந்து போனதாகக் கருதப்படுகிறது. 15-ஆம் நூற்றாண்டில் காஸ்டில் மன்னர் 4-ஆம் என்ரிக்கே மூர் பாணியில் உடுத்தியதும், மூர் காவலர்களை வைத்திருந்ததும் அவருடைய எதிரிகள் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இவ்வளவு ஒன்றுபோல் இருந்தது சிலருக்குப் பிடிக்கவும் இல்லை. 1215-ல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சபை, கிறிஸ்தவ நாடுகளில் வாழும் யூதர்களும் முஸ்லிம்களும் வேறுபட்ட உடை அணிய வேண்டும் என்று விதித்தது. பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். என் பிரஷ் பட்ட அவதியும் அதே காரணத்தால்தான்.

பெரிய போர், சின்னப் போர்

சிலுவைப்போர் உணர்வு உச்சத்தில் இருந்தபோதாவது இரண்டு நிறம் போதுமா? 1195 ஜூலை 19-ல் அலார்கோஸில் அல்மொராவித்களுக்கு அடுத்து வந்த அல்மொஹத் கலீஃபா, காஸ்டிலின் 8-ஆம் அல்ஃபோன்சோவைத் தோற்கடித்தார். அந்த வெற்றிப் படையில் இருந்தவர்களில் ஒருவர் பேத்ரோ ஃபெர்னாந்தஸ் தே காஸ்த்ரோ என்ற காஸ்டில் பிரபு.

1212 ஜூலை 16-ல் லாஸ் நாவாஸ் தே தொலோசா. போப் ஆதரவோடு காஸ்டில், அரகோன், நவார் மன்னர்கள் மூவரும் சேர்ந்து அல்மொஹத்களை முறியடித்தார்கள். பள்ளிப் பாடநூல்கள் கொண்டாடும் போர் இது. ஆனால் லெயோனின் கிறிஸ்தவ மன்னர் வரவே இல்லை. பிரான்சிலிருந்து வந்த சிலுவை வீரர்களில் பெரும்பாலோர் போருக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். வெயில் ஒரு காரணம். கலத்ராவா கோட்டையில் சரணடைந்த முஸ்லிம்களைக் கொல்லாமல் போகவிட்டது இன்னொரு காரணம். அரகோன் மன்னர் 2-ஆம் பேத்ரோ அடுத்த ஆண்டே, 1213 செப்டம்பரில், பிரான்சின் முரே என்ற இடத்தில் இறந்தார். அவரைக் கொன்றது போப் அழைத்த இன்னொரு சிலுவைப்படை.

இந்தப் பெரிய போர்களும் அபூர்வம். எல்லையில் வாழ்ந்தவர்களுக்குப் போர் என்றால் ஆடுமாடு கொள்ளையும் ஆட்கடத்தலும்தான். அவிலா போன்ற ஊர்களின் சாதாரண மக்கள், குதிரை வாங்க வசதி இருந்தால் வீரர்களாகிவிடுவார்கள். ஊர்ச் சட்டங்களில் இதற்கு நுணுக்கமான விதிகள் இருந்தன. குவென்கா நகரின் சட்டத்தில், கொள்ளைப் பொருளைப் பங்கு போடுவது, காயம்பட்டவருக்கும் குதிரை இழந்தவருக்கும் ஈடு கொடுப்பது எல்லாம் எழுதியிருக்கிறது. அரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்ற வழக்கு, இஸ்லாமியச் சட்டத்தில் உள்ள அதே ஐந்தில் ஒரு பங்குதான்.

பிடிபட்டவர்களை மீட்கத் தரகர்கள் இருந்தார்கள். 'அல்ஃபக்கேக்கே' என்று பெயர். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள், எல்லையைக் கடந்து பேரம் பேசி ஆட்களை மீட்பவர்கள். அவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்று 10-ஆம் அல்ஃபோன்சோவின் சட்டத்தொகுப்பு தனியாகவே சொல்கிறது. என் விளையாட்டில் இவருக்கும் ஒரு பொம்மை வைத்திருக்கிறேன். ஆயுதம் கிடையாது, கோவேறு கழுதை மட்டும். இரு தரப்பும் அவரைத் தாக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தில் பிடித்த பொம்மை அவர்தான்.

எல்லாம் இனிமையும் இல்லை

இதைப் படித்துவிட்டு, "ஆக எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்" என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 1066-ல் கிரனாடாவில் யூதர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 1148-ல் அல்மொஹத்கள் கோர்தோபாவைப் பிடித்தபின், அங்கே பிறந்த யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடஸின் குடும்பம் ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தது. 1391-ல் செவிலில் தொடங்கிப் பல கிறிஸ்தவ நகரங்களில் யூதர் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. இரு தரப்பிலும் அடிமைச் சந்தைகள் இருந்தன. கூட்டணி மாறியது பெரும்பாலும் தேவையால்தான், அன்பால் அல்ல.

1246-ல் கிரனாடா மன்னர் முதலாம் முகம்மது, காஸ்டிலின் மூன்றாம் ஃபெர்னாந்தோவுக்கு அடங்கிய சிற்றரசரானார். 1248-ல் முஸ்லிம் நகரமான செவிலை ஃபெர்னாந்தோ பிடித்தபோது, கிரனாடாவின் முஸ்லிம் குதிரைப்படையும் அவர் பக்கம் நின்றது. அதற்கு விலையாகத்தான் கிரனாடா அரசு இன்னும் இரண்டரை நூற்றாண்டு பிழைத்தது. செவில் பேராலயத்தில் ஃபெர்னாந்தோவின் கல்லறையில் லத்தீன், காஸ்டிலியன், அரபு, ஹீப்ரு என்று நான்கு மொழிகளில் கல்வெட்டு இருக்கிறது. வென்றவர், தன் குடிமக்கள் யார் யார் என்று அறிந்திருந்தார்.

பின்னால் வந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. 1492 ஜனவரி 2 அன்று கிரனாடா சரணடைந்தது. மசூதிகளையும் வழக்கங்களையும் தொடமாட்டோம் என்று ஒப்பந்தம். மூன்றே மாதத்தில், மார்ச் 31 அன்று, யூதர்கள் மதம் மாற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்ற ஆணை அதே கிரனாடாவில் கையெழுத்தானது. 1502-ல் காஸ்டிலின் முஸ்லிம்களுக்கும் அதே நிபந்தனை. மதம் மாறியவர்களையும் விடவில்லை. 1567-ல் அவர்கள் அரபு பேசவும் தங்கள் பாரம்பரிய உடை அணியவும் தடை வந்தது. 1609 முதல் 1614 வரை ஏறக்குறைய 3 லட்சம் பேர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றுத் தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த குடும்பங்கள் அவை.

இப்போது என் முதல் தவறை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நீலம், பச்சை என்று நான் டப்பாவைத் திறந்தது சோம்பேறித்தனத்தால். நிஜத்தில் ஓர் அரசு அதையே சட்டமாக்கியபோது, எந்த டப்பாவுக்குள்ளும் அடங்காத மக்கள் வீடு வாசலை இழந்தார்கள். பொம்மையிலிருந்து பெயின்ட்டைக் கழற்ற எனக்கு இரண்டு வாரம் போதுமாக இருந்தது. ஒப்பந்தத்தை மீறி 1492-ல் கிரனாடாவில் போட்ட அந்த முதல் கையெழுத்தை, ஸ்பெயின் அரசு 1968-ல்தான் முறைப்படி செல்லாது என்று அறிவித்தது.

சரி, அந்தத் தம்பிக்கு என் பதில்: "நல்லவங்க ஒரு பக்கமா நிக்கலை கண்ணா. ஒவ்வொரு பொம்மைக்கும் ஓர் அட்டை இருக்கு. அதை எடுத்துப் படிச்சாத்தான் தெரியும்."

படிக்க விரும்புகிறவர்கள், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை கிளப் ஹவுஸுக்கு வாருங்கள். மேசை போட்டிருப்பேன். அறுபது பேரும் புதுப் பெயின்ட்டில் இருக்கிறார்கள். ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். பிள்ளைகளைக் கூட்டி வரலாம்; பொம்மைகளின் ஈட்டி முனையை மட்டும் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும், எளிதில் வளைந்துவிடுகிறது.